சேம அச்சு

உமணர் என்று ஒரு கூட்டத்தார் சங்க காலத்தில் இருந்தார்கள். கடற்கரை உப்பளங்களில் உப்பை வாங்கி, மாட்டு வண்டிகளில் ஏற்றி, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பது அவர்கள் தொழில். உப்போ கனமான சரக்கு. வழியோ ஒரே சீரானதல்ல. மணல், பாறை, காட்டாறு, மேடு, பள்ளம் எல்லாம் உண்டு. வண்டியில் வேறு எந்த உறுப்புக் கெட்டாலும் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். அச்சு முறிந்தால் நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான். ஆகையால் அந்த வியாபாரிகள் புறப்படும்போதே வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர்.

இதை நமக்குச் சொல்லி வைத்தவர் ஔவையார். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில், அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாட வந்தவர், அவனை உமணர் வண்டியின் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். அதன் பிறகுதான் நிலவுக்கு ஒப்பிடுகிறார். நிலவு எல்லா அரசர்களுக்கும் கிடைக்கிற உவமை. சேம அச்சு கிடைத்தவன் இவன் ஒருவன்தான். ஓர் இளவரசனைப் புகழுவதற்கு வண்டியின் அடியில் தொங்கும் ஒரு மரத்துண்டை எடுத்துக்கொண்டாரே, அந்த அம்மையாருக்கு அந்தச் சீமையின் பாதைகள் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சீமைதான் தகடூர். இன்றைக்குத் தருமபுரி என்கிறோம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் பக்கமாகப் போனால் இண்டூர் என்ற ஊர் இருக்கிறது. கேழ்வரகும் புளியும் விளைகிற வறண்ட பூமி. தார் ரோடு சிறிது தூரம் வழவழவென்று போகும். அதை விட்டு ஒரு கிளைப் பாதையில் திரும்பினால் கப்பிக் கல் பல்லை இளிக்கும். இன்னும் சற்றுப் போனால் செம்மண்ணும் சரளையும். அப்புறம் ஏரிக்கரை; அப்புறம் கரம்பு; கரம்பில் கருவேல முள். இவ்வளவும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வந்துவிடும்.

பாதைகளைப் பொறுத்தவரை இது பழம் பெருமை உள்ள வட்டாரம். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மைல்கற்கள் இந்தப் பக்கத்தில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ‘அதியமான் பெருவழி’ என்று வழியின் பெயரே பொறித்திருக்கிறது. ஒரு கல்லில், நாவல்தாவளம் என்னும் இடம் அங்கிருந்து 29 காதம் என்று எழுதியிருக்கிறது. எழுதினதோடு விட்டுவிடவில்லை. எழுத்துத் தெரியாத வழிப்போக்கனும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதே எண்ணிக்கையைக் குழிகளாகவும் குடைந்து வைத்திருக்கிறார்கள். கல் நட்டவன் கருணையுள்ளவன். ஆனால் அவனாலும் தூரத்தைத்தான் சொல்ல முடிந்தது. அந்த 29 காதத்தில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம் என்பதைச் சொல்ல முடியவில்லை. அது வண்டிக்காரன் கவலை.

அதற்கு வெகு காலம் பின்னால், 1792-இல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்ஸாண்டர் ரீட் என்பவர் அதை நிர்வகிக்க வந்தார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ, 1799 வரையில் இந்தப் பிரதேசத்தில் நில அளவும் வரி விதிப்புமாக ஊர் ஊராகச் சுற்றினார். அவருக்கு வாகனம் குதிரை. குதிரைக்கு ஒரு சௌகரியம் உண்டு. பாதை எப்படி இருந்தாலும் அது தன் கால் வைக்கும் இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். சக்கரத்துக்கு அந்தப் புத்தி கிடையாது. அது போகிற இடத்துக்கு ஏற்றபடி அதை முன்னாலேயே பண்ணி வைக்க வேண்டும்.

இந்த விஷயத்தை நான் இப்போது எடுத்ததற்குக் காரணம், இண்டூரில் என் சிநேகிதரின் மகன் என்னைக் கேட்ட ஒரு கேள்வி. பையன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மூன்று வருஷமாகப் பணம் சேர்த்திருக்கிறான். அதைக் கொண்டு ‘கிராவல் சைக்கிள்’ என்ற ஒன்றை வாங்கப் போகிறானாம். நம் ஊரில் கிராவல் என்றால் ரோட்டில் கொட்டிப் பரப்புகிற சிவப்புச் சரளை மண். அந்தச் சரளையிலும் தாரிலும் ஒரே வண்டியில் போகலாம் என்பதால் சைக்கிளுக்கும் அதே பெயர். செம்மறிக் கடாவின் கொம்பு போல வளைந்த ஹாண்டில்பார், தடித்த டயர், தட்டு பிரேக். நல்ல ரகமாக வேண்டும் என்றால் இரண்டு லட்சம், மூன்று லட்சம், அதற்கு மேலும் போகும்.

அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, “அந்தக் காசுக்கு ரெண்டு கறவை மாடு வாங்கலாம்” என்று முனகினார். பையன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“மாமா, இது எல்லா ரோட்டிலேயும் போகும்” என்றான்.

“போகட்டும், தம்பி. திரும்பி வருமா?” என்றேன்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தபோது, சைக்கிளின் சரித்திரம் முழுவதுமே இந்த ஒரு கேள்விக்கு மனிதன் சொல்லி வந்த பதில்தான் என்று தோன்றிற்று. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறவனுக்கு அந்தச் சரித்திரத்தைப் போல நல்ல ஆலோசகன் வேறு இல்லை. ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

1817-ஆம் வருஷம் ஜூன் மாதம் 12-ஆம் தேதி, ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்தில், கார்ல் ட்ரைஸ் என்னும் பிரபு ஒரு மர யந்திரத்தின் மேல் ஏறி வெளியே புறப்பட்டார். இரண்டு சக்கரம், நடுவில் ஒரு கட்டை, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு காலால் தரையை உந்தித் தள்ள வேண்டும். பெடல் கிடையாது. ட்ரைஸ் புத்திசாலி, தம் முதல் பயணத்துக்கு அந்தப் பக்கத்திலேயே நல்ல ரோடாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டார். பிறகு அந்த வண்டியை வாங்கியவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அக்காலத்து ரோடுகள் குதிரை வண்டித் தடங்களால் குண்டும் குழியுமாகக் கிடந்தன. அதில் ஓட்ட முடியாமல் அவர்கள் நடைபாதையில் ஏறினார்கள். நடந்து போகிறவர்கள் கூச்சல் போட்டார்கள். பல நகரங்களில் நடைபாதையில் ஓட்டக்கூடாது என்று தடை விதித்தார்கள். முதல் சைக்கிளைத் தோற்கடித்தது வேறொரு யந்திரம் அல்ல, ரோடுதான்.

1860-களில் பிரான்ஸில் மிஷோ குடும்பத்தார் முன் சக்கரத்தில் பெடல் வைத்த வண்டியைச் செய்து விற்றார்கள். மரச் சக்கரம், இரும்புப் பட்டா. அதற்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘எலும்பு உலுக்கி’ என்று வரும். 1885-இல் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய சம அளவான இரண்டு சக்கரமும், பின் சக்கரத்துக்குச் சங்கிலியும் வைத்த ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் உருவம் அப்போது வந்துவிட்டது. ஆனாலும் உலுக்கல் நிற்கவில்லை. டயர் இன்னும் கெட்டி ரப்பராகவே இருந்தது.

அதை நிறுத்தியவர் ஒரு மாட்டு வைத்தியர். ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்தில் தொழில் நடத்திவந்த ஜான் பாய்ட் டன்லப், 1888-இல், தம் பையனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கொடுத்தார். இதே யோசனைக்கு ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பவர் 1845-லேயே உரிமைப் பத்திரம் வாங்கியிருந்தார். ஆனால் அப்போது அதைப் பூட்டுவதற்கு ஏற்ற வண்டி இல்லை. யோசனையும் வண்டியும் சந்திக்க நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. காற்று டயரோடு பந்தயத்துக்கு வந்தவனைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். 1889-இல் பெல்பாஸ்ட் பந்தயங்களில் வில்லி ஹ்யூம் என்பவர் அந்த டயரைப் பூட்டிக்கொண்டு ஜெயித்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

டன்லப் காட்டிய உண்மை இதுதான்: கரடுமுரடான தரையில் கெட்டியானது வேகமாகப் போவதில்லை, விட்டுக்கொடுப்பதுதான் வேகமாகப் போகிறது. கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்து மேலே தூக்கிக் கீழே போடுகிறது. அந்தத் தூக்கலுக்குச் செலவாகிற பலம் முன்னே போவதற்கு உதவாது. காற்று டயரோ கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருண்டுவிடுகிறது. இவ்வளவு தெரிந்திருந்தும் பந்தயக்காரர்கள் வெகுகாலம் டயரை ஒல்லியாக்கி, காற்றைக் கல் மாதிரி அடித்துக்கொண்டே வந்தார்கள். நல்ல தாரில் அது செல்லும், சரளையில் செல்லாது.

நம்முடைய பழைய கறுப்பு சைக்கிளை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். 1949-இல் முருகப்பா குடும்பத்தார், பர்மிங்ஹாமைச் சேர்ந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து, சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள்கள் தமிழ்நாடெங்கும் போயின. 1956-இல் லூதியானாவில் முஞ்சால் சகோதரர்கள் ஹீரோ சைக்கிளைத் தொடங்கினார்கள். எந்தப் பெயராக இருந்தாலும் உருவம் ஒன்றுதான்: நீண்ட உடம்பு, சாய்ந்த முன்போர்க், கம்பி பிரேக், 28-க்கு ஒன்றரை அங்குல டயர். பால் கேன், நெல் மூட்டை, பின்னால் மனைவி, முன் பாரில் குழந்தை என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அது வரப்போரமாகவும் போயிற்று, தாரிலும் போயிற்று.

ஒன்றரை அங்குலம் என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். லட்ச ரூபாய் கிராவல் சைக்கிளைப் பாருங்கள். அதற்குச் சாதாரணமாகப் பூட்டுகிற டயரின் அகலம் 40 மில்லிமீட்டர். சக்கர வளையத்தின் குறுக்களவு பழையதில் 635, புதியதில் 622. அவ்வளவுதான் வித்தியாசம். நூறு வருஷம் ஒல்லி டயரில் ஓடிக் களைத்த பிறகு உலகம் நம்முடைய பால்காரரின் டயருக்குத் திரும்பி வந்திருக்கிறது. பையனிடம் இதைச் சொன்னேன். அவன் தாத்தாவின் சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் சாத்திக் கிடந்தது. போய் ஒரு நூலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, “ஆமாம் மாமா” என்றான். அவன் அப்பா முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது டயர். 40 போதும் என்றால்கூட, 45 வரையில் இடம் கொடுக்கிற சட்டமாக வாங்குவது நல்லது. மழைக்காலத்தில் செம்மண் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி இல்லாவிட்டால் சக்கரம் நின்றுவிடும். இப்போது ட்யூப் இல்லாத டயரும் வந்திருக்கிறது. உள்ளே ஒரு பால் போன்ற திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள். முள் குத்தினால் அது ஓட்டையில் போய் உறைந்து அடைத்துவிடுகிறது. கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் நிறைந்த பூமிக்கு இது பெரிய உபகாரம். கிழிந்துவிட்டால் மட்டும் அது பயன்படாது. அதற்காக ஒரு ட்யூப் பையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கியர். இதிலும் ஒரு பழைய சண்டை உண்டு.

பிரான்ஸில் ஸேன்ட் எட்டியன் என்ற ஊரில் போல் தெ விவி என்பவர் இருந்தார். ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை ஒன்று நடத்தினார். அந்த ஊரைச் சுற்றி மலைகள். தினம் மலையேறுகிறவருக்கு ஒரே கியர் போதாது என்று அனுபவத்தில் தெரிந்தது. ஏற்றத்துக்கு ஒன்று, சமதரைக்கு ஒன்று என்று கியர்களை மாற்றிக்கொள்ளும் முறைகளைத் தாமே செய்து பார்த்து, பத்திரிகையில் ஓயாமல் எழுதினார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் ஹென்றி டெக்ராஞ்ச். 1903-இல் பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கி நடத்தியவர் அவர்தான். கியர் மாற்றுவதெல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு என்பது அவருடைய கட்சி. தசையின் பலத்தால் ஜெயிக்க வேண்டுமே ஒழிய யந்திரத்தின் தந்திரத்தால் அல்ல என்றார். சங்கிலியை ஒரு பல் சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டிரெய்லர் என்ற சாதனத்துக்கு அவருடைய பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதி கிடைத்தது. வெலோசியோ அதற்கு ஏழு வருஷம் முன்பே காலமாகிவிட்டார்.

டெக்ராஞ்ச் பந்தயம் நடத்தினார்; வெலோசியோ பிரயாணம் செய்தார். யாருடைய பேச்சைக் கேட்பது என்பது நாம் எதற்காகப் புறப்படுகிறோம் என்பதைப் பொறுத்தது. நம் கறுப்பு சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். சமதரையில் சுகம். ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். நம் அப்பாமார்கள் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளினார்கள். புதிய வண்டியில் முன்னால் 40 பல், பின்னால் பெரிய சக்கரத்தில் 44 பல் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்தான் நகரும். மெதுவாகத்தான் போகும், ஆனால் உட்கார்ந்தபடியே மேடேறிவிடலாம். கடைக்காரர் மிகப் பெரிய கியரைக் காட்டி வேகத்தைப் பேசுவார். நாம் கேட்க வேண்டியது மிகச் சிறிய கியர் எது என்பதுதான்.

ஏறினவன் இறங்கவும் வேண்டும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்குப் போகிற பாதை காவேரியை நோக்கி வளைந்து வளைந்து இறங்குகிறது. தெற்கே தொப்பூர்க் கணவாயில் இறக்கம் என்னவெல்லாம் செய்யும் என்பது லாரிக்காரர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் டமால்பைஸ் என்ற மலைக்கு அருகில், 1976-இல் சில இளைஞர்கள் பழைய தடி டயர் சைக்கிள்களில் மண் பாதையில் இறங்கும் பந்தயம் ஒன்று வைத்தார்கள். பின் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இருந்த பிரேக், இறங்குவதற்குள் சூடேறி, கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே ‘மறுபடி அடைப்பது’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்ற பெயர் வந்தது. அந்தக் கூத்திலிருந்துதான் மலை சைக்கிள் என்ற ஜாதி பிறந்தது. பிரேக்கின் பெருமை ஏறும்போது தெரியாது. தட்டு பிரேக் மழையிலும் சேற்றிலும் பிடிக்கும். சக்கர வளையத்தைப் பிடிக்கும் பழைய பிரேக்குக்கு ஈரம் ஆகாது. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் தட்டு பிரேக்குக்கு விரல் பலம் போதும். ஆனால் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் வேண்டும். கம்பி இழுக்கும் தட்டு பிரேக்கை எந்தச் சைக்கிள் கடைக்காரரும் சற்று நேரம் பார்த்தால் புரிந்துகொள்வார்.

இங்கேதான் மூன்றாவது விஷயம் வருகிறது. மற்ற எல்லாவற்றையும்விட அது பெரியது என்பது என் அபிப்பிராயம்.

1913-ஆம் வருஷத்துப் பிரான்ஸ் பந்தயத்தில் எழென் கிறிஸ்டோஃப் என்ற வீரர் பைரனீஸ் மலையில் தூர்மலே கணவாயைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார். முன்போர்க் முறிந்துவிட்டது. பிறர் உதவி பெறக்கூடாது என்பது டெக்ராஞ்சின் சட்டம். கிறிஸ்டோஃப் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பல மைல் தூரம் நடந்து சேன்ட் மரி தெ காம்பான் என்ற கிராமத்துக்கு வந்தார். அங்கே ஒரு கொல்லனின் உலை. பந்தய அதிகாரிகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துப் போர்க்கை ஒட்டினார். உலைத் துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான். அது பிறர் உதவி என்று சொல்லி அபராதம் போட்டார்கள்! மணிக்கணக்கில் காலம் போயிற்று. ஜெயிக்க இருந்த பந்தயம் போயிற்று. ஆனாலும் அவர் முடித்தார். ஏழாவது இடத்தில் வந்து சேர்ந்தார்.

அந்தக் கதையைப் படிக்கிறவர்கள் கிறிஸ்டோஃபின் மன உறுதியைப் புகழ்கிறார்கள். நியாயந்தான். நான் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். அவருடைய சைக்கிள், ஒரு மலைக் கிராமத்துக் கொல்லன் உலையில் சரிசெய்யக்கூடிய சைக்கிளாக இருந்தது. கார்பன் இழையால் செய்த போர்க்கை எந்த உலையிலும் காய்ச்ச முடியாது.

இதே போல இன்னும் இரண்டு கூட்டத்தார். 1897-இல் அமெரிக்க ராணுவத்தின் 25-ஆவது காலாட்படையைச் சேர்ந்த நீக்ரோ சிப்பாய்கள் இருபது பேர், ஜேம்ஸ் மாஸ் என்ற அதிகாரியின் தலைமையில், மிஸூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரையில் 1,900 மைல் சைக்கிளில் போனார்கள். 41 நாள் ஆயிற்று. சேறும் மணலும் ரோட்டை விழுங்கிய இடங்களில் ரயில் தண்டவாளத்துக் கட்டைகளின் மேல் உருட்டிக்கொண்டு போனார்கள். 1923-இல் பம்பாயிலிருந்து பார்ஸி இளைஞர் ஆறு பேர் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார்கள். அவர்களில் அடி ஹக்கீம், ஜால் பாபஸோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூவர் 44,000 மைல் சுற்றி 1928-இல் ஊர் திரும்பினார்கள். இவர்களுக்கெல்லாம் கிடைத்தது அக்காலத்து இரும்புச் சைக்கிள். அதன் பெருமை, அது கெடாது என்பதில் இல்லை; கெட்டால் வழியிலேயே சரிசெய்யலாம் என்பதில் இருந்தது.

கிராவல் சைக்கிள் என்ற தனி ஜாதி பிறந்து வெகு காலம் ஆகவில்லை. ரோடில்லாத இடத்தில் ஓட்டுவதில் பிரியமுள்ளவர்கள் 1955-இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் வைத்தார்கள் என்பது உண்மை; ஆனால் அவர்கள் தங்களிடம் இருந்த சைக்கிளையே ஓட்டினார்கள். 2006-இல் அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்து எம்போரியா என்ற ஊரில் 200 மைல் சரளைப் பாதைப் பந்தயம் தொடங்கிற்று. அந்தப் பக்கத்துச் சரளை சிக்கிமுக்கிக் கல். டயரைக் கத்தி போல அறுக்கும். அங்கே தாக்குப் பிடிக்க வேண்டும் என்றுதான் கம்பெனிகள் இந்தச் சைக்கிளைச் செதுக்கின. 2022-இல் இத்தாலியில் வெனெட்டோ பகுதியில் முதல் உலக சாம்பியன் பந்தயம் நடந்தது. சாம்பியன் பந்தயம் வந்த பிறகு விலைக்கும் சாம்பியன் பட்டம் கிடைப்பது உலக இயல்பு.

விலை ஏறுவது பெரும்பாலும் எடை குறைவதற்காக. கறுப்பு சைக்கிள் இருபது கிலோவைத் தொடும். உயர்ந்த ரகத்துக் கிராவல் சைக்கிள் எட்டு, ஒன்பது கிலோவில் நிற்கும். சட்டம் இரும்பு, அலுமினியம், டைட்டானியம், கார்பன் என்று நான்கு வகை. கார்பன் லேசு, அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளும். கல்லில் அடிபட்டால் உள்ளே விரிசல் விட்டிருப்பது வெளியே தெரியாமல் போகலாம். இரும்பு கனம், ஆனால் வளைந்தால் தெரியும், முறிந்தால் ஒட்டும். கியரை மின்சாரத்தால் மாற்றும் வகையும் உண்டு. அழகாக வேலை செய்யும், பாட்டரி இருக்கும் வரையில். ஓட்டுகிறவனுடைய சொந்த உடம்பில் இரண்டு கிலோ குறைப்பது, சைக்கிளில் இரண்டு கிலோ குறைப்பதைவிட மலிவு. இதை நான் பையனிடம் சொல்லவில்லை. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தால் என்ன செய்வது?

உயர்ந்த சைக்கிள் எது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல தீர்ப்பு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்ளும்படி பெண்களை ஊக்கினார். கல் உடைக்கிறவர்கள், கூலி வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். பெண்களுக்கென்று குறுக்குப் பார் இல்லாத சைக்கிள்கள் உண்டு அல்லவா? ஆனால் அவர்களில் பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பினார்கள். ஏன் தெரியுமா? அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக. விளம்பரக்காரர் சொன்ன நியாயத்தைத் தள்ளிவிட்டு, தங்கள் வாழ்க்கையை வைத்து வண்டியைத் தேர்ந்தார்கள். இதைவிட உயர்ந்த தேர்வு எனக்குத் தெரியாது. பின்னால் 2001-02-இல் தமிழ்நாட்டு அரசு, மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, சில வருஷங்களில் அதை எல்லா மாணவர்களுக்குமாக விரித்தது. எத்தனையோ கிராமத்துச் சரளைப் பாதையில் பள்ளிக்கூடம் போய் வந்தது அந்தச் சைக்கிள்தான். பந்தயத்தில் அதற்குப் பரிசில்லை. ஆனால் அது பெண் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த தூரம் பெரியது.

பையன் அவன் பணத்தில் வாங்குகிறான். அவன் ஆசைக்கு நாம் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. கேட்டதற்கு என் பதிலைச் சொன்னேன். உடம்பை அளந்து, அதற்குப் பொருந்துகிற சட்டத்தை முதலில் பார். பொருந்தாத சைக்கிள் எந்த விலையானாலும் முதுகைப் பிடிக்கும். டயருக்குத் தாராளமான இடம், ஏற்றத்துக்குத் தாழ்ந்த கியர், இறக்கத்துக்குத் தட்டு பிரேக்: இவை மூன்றும் சரியாக இருக்கிற வண்டிகளில் இரண்டாவது விலையுள்ளதை வாங்கு. மிச்சமாகிற பணத்தில் நல்ல டயரும், பம்பும், கருவிகளும் வாங்கிக்கொள். பஞ்சர் ஒட்டவும், சக்கரத்தில் கோட்டம் எடுக்கவும் உள்ளூர்க் கடைக்காரரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்.

கடைசியாக ஒரு சிறிய துண்டைப் பற்றிச் சொன்னேன். இந்தச் சைக்கிள்களில் கியர் மாற்றும் சாதனம் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதைச் சட்டத்தோடு சேர்ப்பது விரல் நீள அலுமினியத் துண்டு ஒன்று. ஹாங்கர் என்பார்கள். சைக்கிள் கல்லில் சாய்ந்தால் சட்டம் உடையக்கூடாது. அதற்குப் பதில் அந்தத் துண்டு வளையட்டும், முறியட்டும் என்றே அதை மெலிதாகச் செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அநேகமாக ஒவ்வொரு ரகத்துக்கும் அது வேறு வேறு வடிவம். ஒன்றுக்கு உள்ளது இன்னொன்றுக்குச் சேராது. எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி ஒரே அளவில் செய்யும் முயற்சி 2019-க்குப் பிறகுதான் பரவி வருகிறது. மூன்று லட்ச ரூபாய் வண்டி, சில நூறு ரூபாய்த் துண்டு இல்லாமல் ஏரிக்கரையில் நின்றுவிடும். தோளில் தூக்கிக்கொண்டு வந்தால் கொல்லன் உலையும் உதவாது. ஆகையால் வண்டி வாங்குகிற அன்றைக்கே அதே துண்டு இன்னொன்றையும் கேட்டு வாங்கி, சீட்டுக்கு அடியில் ஒரு பையில் கட்டி வைக்க வேண்டும்.

உமணர்கள் தங்கள் அச்சை நம்பாதவர்கள் அல்லர். நம்பாவிட்டால் உப்பை ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருக்கவே மாட்டார்கள். வழியை அறிந்தவர்கள், அவ்வளவுதான். அவர்கள் மறு அச்சைக் கட்டியது அஞ்சுவதற்காக அல்ல, அஞ்சாமல் போவதற்காக. தகடூர்ப் பாதையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வண்டியின் அடியில் தொங்கியது மரம். இன்றைக்குச் சீட்டின் அடியில் தொங்க வேண்டியது அலுமினியம். மேடும் பள்ளமும் அப்படியேதான் இருக்கின்றன.